உடையாத முத்திரை

மழை ஏமாற்றிய வருஷம் அது. பாளையக்காரர் தன் களஞ்சியக் கதவைக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தார். அரக்கு காய்ச்சும் காத்தாயி, பசியில் துவண்ட மகளை இடுப்பிலும் முறத்தைக் கையிலும் வைத்துக்கொண்டு நெல் கேட்டாள்.

"முத்திரையை உடைக்காம திறந்தா நெல் உனக்கு. உடைஞ்சா தலை போகும்" என்று சிரித்தார் அவர்.

அவள் சட்டியில் நெருப்பு கொண்டுவந்து முடிச்சருகே பிடித்தாள். அரக்கு உருகி வழிந்தது. கயிற்றை அவிழ்த்தாள்.

"உடைக்கலையே சாமி! பூச்சி சுரந்த அரக்கு உங்களை மாதிரியா? கொஞ்சம் சூடு காட்டினா இளகிடும்."

கதவு திறந்தது. உள்ளே ஒரு மணி நெல் இல்லை. ஊரே பாளையக்காரரைப் பார்த்தது. அவர் தரையைப் பார்த்தார்.

"நாம ஜெயிச்சிட்டோமா அம்மா?" என்றாள் மகள்.

காத்தாயி வெறும் முறத்தை அவள் தலைக்கு மேல் வெயிலுக்குப் பிடித்தபடி நடந்தாள்.