கஸ்பாரின் தொலைபேசி எண்

தூத்துக்குடியில் ஓர் எழுதுபொருள் கடையின் மாடியில், சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு வெப்சைட் அமைக்கக் கற்றுக்கொடுத்தாள் கோமதி. ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. அவளுக்கு வயது இருபத்தொன்பது.

மாணவர்களில் மூத்தவர் கஸ்பார். நாற்பத்தாறு வயது. மரத்தில் எழுத்துச் செதுக்கி வீடுகளுக்குப் பெயர்ப்பலகை செய்கிறவர். அதற்காகவே குமாஸ்தா வேலையை விட்டிருந்தார். சின்ன வயதிலிருந்து அவருக்குப் பேச்சு திக்கும்.

அன்று வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"டீச்சர், வெப்சைட்டைப் போட்டு நாலு நாள் ஆச்சு. ஏ... ஏழு ஃபோன் வந்துச்சு."

"நல்லதுதானே அண்ணாச்சி."

"ஒண்ணையும் எடுக்கல. எடுத்தா பேச்சு திக்குமேன்னு பயம். நம்பரை அழிச்சிடட்டுமா? நம்பர் இல்லாட்டி ஜனங்க நம்புவாங்களா?"

கோமதி கம்ப்யூட்டரில் அவருடைய பக்கத்தைத் திறந்தாள். மேலே பெரிய பட்டறை ஒன்றின் படம். வரிசையாக இயந்திரங்கள், தலைக்கவசம் போட்ட ஆட்கள். அதன் கீழே, 'எங்கள் வல்லுநர் குழு எந்நேரமும் உங்களுடன் பேசக் காத்திருக்கிறது.'

"இது யார் பட்டறை?"

"தெரியாது. நெட்ல கிடைச்சுது."

"குழுவுல எத்தனை பேரு?"

"நான் ஒருத்தன்தான். எல்லாரும் இப்படித்தானே போடுறாங்க?"

கோமதி தன் ஃபோனை எடுத்து, திரையில் இருந்த எண்ணை அழுத்தினாள். கஸ்பாரின் சட்டைப்பையில் மணி அடித்தது. அவர் அவளையே பார்த்தார்.

"நான் முன்னாலதானே இருக்கேன்?"

"எடுங்க."

அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். மூன்றாவது முறைதான் எடுத்தார். எடுத்தவருக்குத் தன் பெயரே வாயில் வரவில்லை. தாடை இழுத்துக்கொண்டது. காதில் ஃபோனை வைத்தபடி கோமதி காத்திருந்தாள். சொல்லை எடுத்துக்கொடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"க... க... கஸ்பார்."

"எங்க வீட்டுக்குப் பெயர்ப்பலகை வேணும்."

"வா... வாசல் எந்தப் பக்கம்?"

"மேற்கே."

"அப்ப சாயங்கால வெயில் நேரா அடிக்கும். சா... சாரல் விழுமா? வீட்டுக்குப் பேரு யார் வச்சது?"

"அதை எதுக்குக் கேக்கிறீங்க?"

"வ... வச்சவங்க கையெழுத்து கிடைச்சா, அதே மாதிரி செதுக்கலாம்."

திக்கித் திக்கிப் பத்து நிமிடம் பேசினார். இடையில் கோமதி ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பிறகு திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

வல்லுநர் குழு போயிருந்தது. 'உங்கள் வாசல் எந்தப் பக்கம்? சாரல் விழுமா? வீட்டுக்குப் பெயர் வைத்தவருடைய கையெழுத்து இருக்கிறதா? இருந்தால் அதே மாதிரி செதுக்கலாம்' என்று இருந்தது.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர்."

"நான் எழுதல. நீங்க பேசினது."

பட்டறைப் படத்தை அழித்துவிட்டு, சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் தான் வேலை செய்யும் பலகையின் படத்தைக் கஸ்பாரே ஏற்றினார். பிறகு அதன் கீழே ஒரு வரி தட்டினார். அழித்தார். திரும்பவும் தட்டினார்.

'எனக்குப் பேச்சு திக்கும். ஃபோனில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.'

மற்ற மாணவர்கள் படியேறி வரும் சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தை வெளியிடும் பொத்தானை அழுத்தினார்.

திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் ஃபோன் அடிக்கவே இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். வேலையை விட்டது தப்போ என்று தோன்றியது. வியாழக்கிழமை சாத்தூரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கஸ்பாரின் முதல் சொல்லே திக்கி நின்றுவிட்டது.

"மெதுவாச் சொல்லுங்க," என்றாள் அவள். "நான் அடுப்பை அணைச்சிட்டுத்தான் கூப்பிட்டேன்."

அடுத்த ஞாயிறும் கஸ்பார் முன்பே வந்துவிட்டார்.

"ஒரே ஒரு ஃபோன்தான் டீச்சர்."

"பேசினீங்களா?"

"அரை மணி நேரம். பலகைக்கும் சொல்லிட்டாங்க."

"அப்புறம் என்ன?"

"முன்னால நாலு நாள்ல ஏழு. இப்ப ஒரு வாரத்துல ஒண்ணு. தி... திக்கும்னு போட்ட அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாமா?"

கோமதி மவுஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எடுத்துடலாம் அண்ணாச்சி. மறுபடியும் ஏழு ஃபோன் வரும். யார் எடுக்கிறது?"