லினக்ஸுக்கு வைத்த பொட்டு

சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருந்த தனுஷ்கோடி அண்ணாச்சி சத்தம் போட்டால் மெஷின் ஓடுவதே காதில் விழாது. ஆயுத பூஜைக்கு மறுநாள் அந்தச் சத்தமெல்லாம் பவதாரிணி தலையில் விழுந்தது. அச்சகத்துக்குப் புதிதாக வந்தவள் அவள். ஆபீஸ் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டவளும் அவள்தான். காலையிலிருந்து லேப்டாப் லினக்ஸுக்குள் போகவே மாட்டேன் என்கிறது. எத்தனை தடவை ஆன் பண்ணினாலும் செட்டிங்ஸ் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

“ஓசியில வந்தது ஓசி புத்தியத்தான காட்டும்! நீ இனி அதுல கை வைக்கக் கூடாது. கை வைக்காமலே சரிபண்ணு. இல்லேன்னா லினக்ஸும் வேண்டாம், நீயும் வேண்டாம்!”

பவதாரிணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து கீபோர்டைப் பார்த்தாள்.

“சரிங்கண்ணாச்சி, நான் தொடல. நேத்து நீங்க வச்ச பொட்டை மட்டும் நீங்களே எடுத்துருங்க.”

மேல் வரிசையில், செட்டிங்ஸைத் திறக்கிற கீயின் இடுக்கில் சந்தனம் இறங்கிக் காய்ந்திருந்தது. கீ அமுங்கினபடியே ஒட்டிக் கிடந்தது. யாரோ விடாமல் அமுக்குகிறார்கள் என்று லேப்டாப்பும் நம்பிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி பல்குத்தும் குச்சியால் சுரண்டினார். கீ டக்கென்று எழும்பியது. பின்னாலேயே லினக்ஸும் எழுந்தது. ஆபீஸே சிரித்தது.

“மத்த கம்ப்யூட்டருக்கெல்லாம் சின்னப் பொட்டுதான வச்சீங்க? இதுக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி இம்புட்டு சந்தனம்?”

அண்ணாச்சியின் சத்தம் இறங்கிப்போனது.

“அதுல இருக்க விண்டோஸெல்லாம் காசு குடுத்து வாங்குனது, தானா ஓடிரும். இது நீ போட்டது. நின்னு போச்சுன்னா நான்தான உன்னைய ஏசுவேன்? அதுக்குப் பயந்துதான் தாயி, கூடக் கொஞ்சம் வச்சேன்.”