எடைக்கு எடை வெல்லம்

அன்றைக்குக் கேள்வி கேட்க வந்தவள் வணக்கம் சொல்லவில்லை. வீட்டிலிருந்து எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து குருவின் முன்னால் தரையில் போட்டாள். போட்ட வேகத்தில் அதன் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

"இது பொய் சொல்லுதா, நான் பொய் சொல்லுதேனா? நீங்களே கேளுங்க," என்றாள்.

வந்தவள் பெயர் சண்முகவடிவு. ஐம்பதை நெருங்குகிறவள். போன வருஷம் மதுரைக்குப் போய் வயிற்றைச் சுருக்குகிற ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். குருவின் பெயர் சாந்தநாயகி. பெயருக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. திருச்சிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்தவர், வடிவைவிட வயதில் சின்னவர். அரிசி மண்டிக்கு மேலே இரண்டு அறைதான் எங்கள் மடம். நான் அங்கே சமையல். கோபக்காரருக்குச் சமைத்துப் போட்டுப் போட்டு எனக்கும் அது தொற்றிவிட்டது.

குரு மெஷினைப் பார்த்தார், வடிவைப் பார்த்தார்.

"உக்காருங்க வடிவக்கா," என்றார். கோபம் வராத வரைக்கும் அவருக்கு இவள் அக்கா.

"உக்கார மாட்டேன்."

"சரி, நில்லுங்க."

"ஒரு மாசமா இது ஒரே இடத்துல நிக்கும்மா. காலையில ஏறுதேன், அதே நம்பர். மத்தியானம் ஏறுதேன், அதே நம்பர். ராத்திரி ஏறுனா கூடிக் கெடக்கு. என்னத்தத் தின்னேன் கூடுறதுக்கு? அரை இட்லி! அதையும் மாடு அசை போடுத மாதிரி மென்னுக்கிட்டே இருக்கணும். அவசரப்பட்டா வாந்தி. தலைமுடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. வயித்தை வாழைப்பழம் அளவுக்கு வெட்டியாச்சு. இன்னும் என்னத்தை வெட்டணும், சொல்லுங்க?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இடையில இப்படி நிக்கத்தான் செய்யும், மறுபடி இறங்கும், சாப்பாட்டை மட்டும் விட்டுறாதீங்கன்னாரு. அவருக்கென்ன, ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்காரு. அதே நாள்ல என்கூட ஆபரேஷன் பண்ணவ ஒருத்தி இருக்கா, பிரேமலதான்னு. வாரா வாரம் வாட்ஸப்புல போட்டோ போடுதா. சுடிதார் மாட்டிக்கிட்டு ஒயிலா நிக்கா. அந்த போட்டோவைப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது."

பொறாமை என்று யாராவது சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அவள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். ஒரு கல்யாணப் பந்தியில் நான்தான் பாயசம் பரிமாறினேன். இலையில் ஒரு கரண்டி ரசம் சாதம் வாங்கிக்கொண்டு இவள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து இலைக்காரி, மூன்றாம் தடவை பாயசத்துக்குக் கையை நீட்டியபடியே கேட்கிறாள்: "ஆபரேஷன் பண்ணியும் இப்படியா இருக்க? வீட்டுல போய் ஒளிச்சு வச்சுத் தின்னுருவியோ?" கொதிக்கிற பாயசம் என் கையில்தான் இருந்தது. அந்த வாயில் ஊற்றவில்லை. இன்றுவரை எனக்கு அதில் வருத்தம்தான்.

"இப்ப என்ன சாப்பிடறீங்க?" என்று குரு கேட்டார்.

வடிவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேட்டது காதுல விழுந்துச்சா?"

"மோர்."

"மோரோட?"

"மோர்தான். மூணு நாளா அதுதான். அந்த நம்பர் இறங்குற வரைக்கும் வேற எதையும் தொடுறதா இல்ல. அதுவா நானான்னு பாத்துருதேன்."

குருவின் முகம் மாறியது. அந்த முகம் அப்படி மாறினால் நான் சத்தமில்லாமல் அடுக்களைக்குள் போய்விடுவது வழக்கம். அன்றைக்குப் போகவில்லை.

"நேத்து பாத்ரூம்ல மயங்கி விழுந்துட்டாம்மா," என்று மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "டாக்டர்ட்ட போவோம்னா வர மாட்டேங்கா."

வடிவின் புருஷன் உலகநாதன். மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். நாள் முழுக்கத் தெருத் தெருவாக, வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் வடிவு மடத்துக்கு வரும்போதெல்லாம், அவள் செருப்பு வாரை அவிழ்த்துவிட இவர்தான் எங்கள் வாசலில் முழங்காலிடுவார். அப்போதெல்லாம் அவளால் குனிய முடியாது. தன் பாதத்தையே அவளால் பார்க்க முடியாது.

"உள்ள வாங்க, அங்கேயே நின்னா எப்படி?" என்றார் குரு.

வந்தார். காலையில்தான் நான் துடைத்த தரை. அவர் கால் வைத்த இடமெல்லாம் கறை விழுந்தது. 'கண்ணு தெரியலையாய்யா, அழுக்குக் காலோட வர்றீரே' என்று கத்த வாயெடுத்தேன். அப்புறம்தான் பார்த்தேன், அது அழுக்கு இல்லை, ரத்தம்.

"காலைத் தூக்குங்க," என்றார் குரு.

"ஒண்ணுமில்லம்மா, தார் ரோடு கொஞ்சம் சூடு..."

"தூக்குங்கன்னேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டு தூக்கிக் காட்டினார். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். காய்ந்த கொப்புளத்தின் மேலேயே புதுக் கொப்புளம் வந்து, அதுவும் உடைந்திருந்தது. சித்திரை வெயிலில் தார் ரோடு வேறென்ன செய்யும்?

"செருப்பு எங்க?"

"ஒரு வேண்டுதல்மா."

"என்ன வேண்டுதல்? முழுசாச் சொல்லுங்க. ஒவ்வொரு வார்த்தையா நான் பிடுங்கணுமா?"

உலகநாதன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இவளை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போனப்ப எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவ உசுரோட வெளிய வந்துட்டா, இவ எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் குடுக்கேன் முருகா, அதைச் செலுத்துற வரைக்கும் கால்ல செருப்புப் போட மாட்டேன்னு வேண்டிக்கிட்டேன்."

"உசுரோட வந்துட்டாங்கல்ல?"

"வந்துட்டா."

"அப்ப ஏன் இன்னும் செலுத்தல?"

உலகநாதன் வடிவைப் பார்த்தார். வடிவு மெஷினைப் பார்த்தாள்.

"நான்தான் பொறுங்கன்னேன்," என்றாள். "கோயில்ல அத்தனை பேரு பாக்கத் தராசுல ஏறி உக்காரணும். அந்தப் பக்கம் மூட்டை மூட்டையா வெல்லம் வைப்பாக. எத்தனை மூட்டைன்னு ஊரே எண்ணும். கொஞ்சம் இளைச்சுட்டு ஏறுதேன்னு சொன்னேன். அதுல என்ன தப்பு? இளைச்சிருவேன்னுதான நெனச்சேன்?"

"இந்தக் கால் இப்படி ஆகி எத்தனை நாளாச்சு?"

வடிவுக்குத் தெரியவில்லை. அவள் அந்தக் காலை அப்போதுதான் பார்க்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"உங்களுக்கு வாய் இல்லையா?" என்று குரு உலகநாதன் மேல் பாய்ந்தார். "காலு புண்ணாயிருச்சு, வா போவோம்னு பொண்டாட்டிகிட்ட சொல்ல முடியாதா?"

"அவளே நொந்து போயிருக்கா. நான் வேற எதுக்கும்மா..."

குரு எழுந்தார். எடை மெஷினைக் காலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அது சுவரில் போய் முட்டி நின்றது.

"கிளம்பு," என்றார் வடிவைப் பார்த்து. அக்கா போய்விட்டது.

"எங்க?"

"கோயிலுக்கு. இன்னைக்குத் துலாபாரம்."

"ஐயோ, இன்னைக்கா? செவ்வாய்க்கிழமை! கூட்டம் மொய்க்கும்!"

"மொய்க்கட்டும்."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா. ஒரு அஞ்சு கிலோவாவது இறங்கட்டும்."

"அவரு என்னன்னு வேண்டினாரு? நீ இளைச்சு வரணும்னா, உசுரோட வரணும்னா?"

வடிவுக்கு வெடித்துவிட்டது. "நீங்க பேசுவீக! எலும்பும் தோலுமா இருந்துக்கிட்டு எனக்குச் சொல்ல வந்துட்டீக. பஸ்ஸுல உக்காந்தா பக்கத்துல இருக்கவ மூஞ்சியைச் சுளிக்காளே, உங்களைப் பாத்தா சுளிக்கா? உங்களையா ஊரு பேசுது?"

குருவை அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்குத் தெரியாதுதான்," என்றார் குரு. "ஊரு பேசறது உன்னை. ஆனா தார் ரோட்டுல வேகறது அவரு. ஆட்டோல ஏறு."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "உனக்கென்ன இங்க வேடிக்கை? இட்லி, வேகவச்ச பயறு, தயிர் எல்லாம் எடுத்துக்கிட்டு வா."

நாலு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம்.

மலையடிவாரத்துக் கோயில். பிராகாரத்தில் துலாபாரத் தராசு, இரும்புச் சங்கிலியில் இரண்டு பெரிய தட்டுகள். பக்கத்தில் வெல்ல மூட்டைகள் அடுக்கியிருந்தன. எங்களுக்கு முன்னால் ஒரு குழந்தைக்கு வாழைப்பழம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

வடிவு கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். வளையல்களை உருவினாள். கொண்டை ஊசியைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் புருஷன் கையில் கொடுத்தாள்.

"காலையிலேருந்து மோர்கூடக் குடிக்கல. வயிறு காலியா இருக்கப்பவே ஏறிருதேன்," என்றாள்.

"வளையலைப் போடு," என்றார் குரு.

"அம்மா..."

"போடு. சங்கிலியையும் போடு. போட்டுட்டு இந்தத் தூண்கிட்ட உக்காந்து சாப்பிடு."

"சாப்பிட்டுட்டு ஏறுனா கூடுமேம்மா!"

"கூடட்டும். வெல்லம் முருகனுக்குத்தான போகுது? உன் வீம்புக்கு அவன் ஏன் குறைச்சலா வாங்கிக்கணும்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வடிவு அழுதாள். நான் இட்லியைப் பிட்டுப் பயறும் தயிரும் வைத்துக் கொடுத்தேன். முதல் வாயைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வாங்கினாள். மெல்ல ஆரம்பித்தாள். மென்றுகொண்டே அழுதாள்.

காபி ஒரு நிமிஷம் தாமதமானால் டம்ளரை வீசுகிற மனுஷி, அவள் ஒவ்வொரு வாயையும் மென்று விழுங்கும் வரைக்கும் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார். வரிசையில் எங்களைத் தாண்டிப் பலபேர் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார். எனக்கே நம்ப முடியவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்," என்றார் நடுவில். "நானும் வர்றேன். மாட்டேன்னு சொல்லிப் பாரு."

வடிவு அடுத்த வாய்க்குக் கையை நீட்டினாள்.

முறை வந்தது. வடிவு தட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தட்டு தரையோடு தரையாக அமுங்கியது. அந்தப் பக்கம் வெல்ல மூட்டைகளை வைக்க ஆரம்பித்தார்கள். வைக்க வைக்க வடிவு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"யம்மாடி, இருக்கிற வெல்லம் பத்தாது போலயே," என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

குரு திரும்பினார். "உன் தலையிலயா ஏறி உக்காந்திருக்கா? தராசுல உக்காந்திருக்கா. தராசே வாயை மூடிக்கிட்டு இருக்கு, உனக்கென்ன நோவு?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அந்தப் பாயசத்தை ஊற்றிவிட்ட திருப்தி.

இன்னொரு மூட்டை வைத்ததும் சங்கிலி கிறீச்சிட்டது. வடிவு உட்கார்ந்திருந்த தட்டு தரையை விட்டு எழும்பியது. அவ்வளவுதான், உலகநாதன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டார். அந்த மனுஷருக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"வந்துட்டா முருகா! எனக்கு வந்துட்டா!" என்றார்.

வடிவு கண்ணைத் திறந்து அவரையே பார்த்தாள்.

கற்பூரம் காட்டினார்கள். இறக்கிவிட்டார்கள். இறங்கியதும் அவள் செய்த முதல் காரியம், தராசுக்காரரிடம் போனதுதான்.

"எவ்வளவு வந்துச்சு?"

பழக்க தோஷம், என்ன செய்ய? தராசுக்காரர் சொல்ல வாயெடுத்தார். குரு முறைத்த முறைப்பில் வந்த வார்த்தையை விழுங்கிவிட்டார்.

"வேண்டுதல் முடிஞ்சுது," என்றார் குரு. "எதிர்ல செருப்புக் கடை இருக்கு. போய் இவருக்கு ஒரு ஜோடி வாங்கு."

"வாங்குதேன்மா. எவ்வளவுன்னு மட்டும்..."

"இவரு கால் சைஸ் என்ன?"

வடிவு அவர் காலைப் பார்த்தாள். தன் எடையைக் கிராம் சுத்தமாகச் சொல்லுகிறவளுக்குப் புருஷன் கால் அளவு தெரியவில்லை.

"எட்டும்மா," என்று ஆரம்பித்தார் உலகநாதன்.

"உங்களையா கேட்டேன்?" என்று குரு சீறினார்.

வடிவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அளந்து சொல்லுதேன்," என்றாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, புருஷன் காலடியில் கல்தரையில் குத்தவைத்து உட்கார்ந்தாள். கொப்புளத்தில் படாமல் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் கையை விரித்து வைத்துச் சாண் போட்டாள்.

"ஒரு சாண், மூணு விரக்கடை," என்றாள், நிமிர்ந்து பார்த்து. இன்னும் கோபமாகத்தான் சொன்னாள். "போதுமா?"

குரு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்.

"வடிவக்கா," என்றார். "கடைசியா எப்ப நீங்க இப்படிக் குத்தவச்சு உக்காந்தீங்க?"

வடிவு தன் முழங்காலைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.