காற்றுக்குப் பஞ்சம்

"மேல ஏற ஏற வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க தம்பி. இன்னுங் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டி வெச்சுக் குடுங்க."

வந்து நின்றதும் பெரியவர் சொன்ன முதல் வார்த்தை இது. வணக்கம்கூட அப்புறம்தான் வந்தது.

பெரியவர் பெயர் திருமலைச்சாமி. ஒட்டன்சத்திரத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். அவருக்குப் பின்னால் ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி நின்று கறுகறுவென்று புகை விட்டுக்கொண்டிருந்தது.

கேட்கப்பட்டவர் ஒரு மெக்கானிக். பெயர் குருசு. பெருமாள்மலைக்கு மேலே, ரோட்டு வளைவில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. முகப்பில் 'குருசு ஒர்க்ஸ்' என்று எழுதிய பலகை. அதில் மழை 'சு'வை மட்டும் கழுவிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து மலையில் எல்லோருக்கும் அவர் குரு.

குருவுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். தாடி கிடையாது. யாராவது தத்துவம் கேட்டால் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார்.

சீடரைவிட குரு மூத்தவராக இருந்தாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

குரு வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் மூட்டை மூட்டையாகத் தக்காளி, முருங்கைக்காய், சுரைக்காய். மேலே ஒரு பிளாஸ்டிக் குதிரை. முன்னால் ஓட்டுகிறவருக்கு இடது பக்கம் ஒரு பெரிய கூடை நிறையக் கத்தரிக்காய். சீட்டே தெரியவில்லை.

"கடைக்குப் போகுதா?"

"இல்லீங்க. எம்பொண்ணு வீட்டுக்கு."

"அங்க எத்தனை பேரு?"

"அவ, மாப்ள, ஒரு கைக்கொழந்தை."

குரு மூட்டைகளை இன்னொரு தடவை பார்த்தார்.

சென்ற வருஷம் பெரியவரின் மனைவி வெள்ளையம்மாள் இறந்துபோனாள். காய்கறி மார்க்கெட்டுக்கு இந்த வண்டியில்தான் இருவரும் போவார்கள். இடது பக்க சீட்டு அவளுடையது. அவள் போன பிறகு பெரியவருக்குக் கீழே இருக்கப் பிடிக்கவில்லை. மகள் சுபத்ரா வாழ்க்கைப்பட்ட மலைக்கே வந்து ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். வண்டியையும் கொண்டுவந்தார்.

அந்த அறையில் பேச ஆள் இல்லை. சாயங்காலம் ஆனால் அவருக்குப் பயமாக இருக்கும். எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் தெரிந்த லாரிக்காரர்கள் கீழிருந்து கொண்டுவரும் காய்களை வாங்கி ஏற்றிக்கொண்டு, ஒன்றுவிட்டு ஒருநாள் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

"போன தடவை எம்பொண்ணு வாசல்லயே நிறுத்திட்டாளுங்க" என்றார் பெரியவர். "இனிமே இந்த வண்டில வராதீங்கப்பா, புகையெல்லாம் வீட்டுக்குள்ள வருது, பாப்பா இருமறான்னு சொல்லிட்டா. அந்த ஊருக்குப் பஸ்ஸும் கெடையாது. வண்டி சரியாகலீன்னா நான் அவளைப் பாக்கவே முடியாதுங்க."

குரு கதவைத் திறந்தார். டேஷ்போர்டுக்குக் கீழே சோக்குக் குமிழ் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் நீலநிறத்தில் ஒரு கிளிப்.

"இது என்ன?"

"துணி காயப்போடற கிளிப்புங்க."

"தெரியுது. இங்க எதுக்கு?"

"வண்டி தெணறுதுன்னு சோக்கை இழுத்துவிட்டேன். அது நிக்காம உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு. கொடில இருந்த கிளிப்பை எடுத்து மாட்டிப்புட்டேன்."

குளிரில் வண்டி கிளம்புகிறவரைக்கும்தான் சோக்கு. அதை இழுத்தால் இன்ஜினுக்குப் போகிற காற்று குறையும், பெட்ரோல் தூக்கலாகும். பெரியவர் அதை இழுத்து, கிளிப்பும் போட்டு, மலை முழுக்க ஏறிக்கொண்டிருக்கிறார்.

"கார்புரேட்டரை யாராவது தொட்டாங்களா?"

"கீழ ஒருத்தரு ஜெட்டை மாத்துனாரு. பெட்ரோல் போற ஓட்டை பெருசா இருக்கற ஜெட்டாப் பாத்துப் போட்டாரு. அப்பறம் இன்னொருத்தரு அதைவிடப் பெருசாப் போட்டாரு."

"இழுத்துச்சா?"

"புகைஞ்சுதுங்க."

குரு கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சோக்கை உள்ளே தள்ளினார்.

"முதல்ல டீ குடிப்போம். அடுப்பைப் பத்த வைங்க ஐயா."

கொட்டகையின் மூலையில் ஒரு செங்கல் அடுப்பு. பக்கத்தில் விறகு. அன்றைக்கு நல்ல குளிர். பெரியவர் இருந்த விறகையெல்லாம் எடுத்து அடுப்புக்குள் திணித்தார். தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். ஊதினார். இன்னும் ஒரு கட்டையைச் செருகினார். மறுபடி ஊதினார்.

கொட்டகை நிறையப் புகை. இரண்டு பேரும் இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தார்கள்.

"எனக்கு அடுப்பு பத்த வைக்க வராதுங்க" என்றார் பெரியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "எல்லாம் அவதான் பாத்துக்குவா."

குரு உள்ளே போனார். பாதி விறகை வெளியே இழுத்துப் போட்டார். அவ்வளவுதான் செய்தார். தீ தானாகப் பற்றிக்கொண்டது.

இரண்டு பேரும் டீயைக் குடித்து முடித்தார்கள்.

பிறகு குரு இன்ஜினிலிருந்து ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் கொடுத்தார். முனையெல்லாம் கரி. பெரியவர் விரலால் தொட்டுப் பார்த்தார். விரலும் கறுத்துப்போனது.

"உங்க வண்டியில பெட்ரோலுக்குப் பஞ்சம் இல்ல ஐயா. காத்துக்குத்தான் பஞ்சம். இது மலை. கீழ இருக்கற மாதிரி இங்க காத்து கனமா இருக்காது."

"அப்பக் காத்தைக் கூட்டுங்க."

"மலையில காத்தைக் கூட்ட என்னால ஆகாது."

"அப்பறம்?"

"பெட்ரோலைக் குறைக்கலாம்."

பெரியவருக்கு முகம் வாடிவிட்டது.

"கொறைச்சா வண்டி பட்டினி கெடக்காதுங்களா? ஏத்தத்துல நின்னுபோச்சுன்னா?"

குரு பெரிய ஜெட்டைக் கழற்றிப் பெரியவர் கையில் வைத்தார். ஒரு டப்பாவைக் கிளறி, ஓட்டை சிறுத்த வேறொரு ஜெட்டைத் தேடி எடுத்து மாட்டினார். ஏர் ஃபில்டரைத் தட்டித் தூசியை உதறினார். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, பிளக்கில் பொறி விழும் நேரத்தைச் சரிசெய்தார். கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்ஜின் சத்தம் தெளிந்தது.

"வாங்க, ஏத்திப் பாப்போம். நான் எங்க உக்கார்றது?"

பெரியவர் கூடையைப் பார்த்தார்.

"பின்னால நின்னுக்குங்க தம்பி. கூடையை அசைச்சாக் கத்தரிக்காயெல்லாம் கொட்டிப்போயிரும்."

கொட்டிப்போகாது. காரணம் வேறு. அந்த சீட்டு காலியாக இருந்தால் பெரியவரால் வண்டி ஓட்ட முடியாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

குரு பின்னால் ஏறி, பிளாஸ்டிக் குதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். குளிர்காற்று முகத்தில் அடித்தது. வண்டி செங்குத்தான ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறியது. திரும்பிப் பார்த்தால் ரோடு சுத்தமாகத் தெரிந்தது.

ஏற்றத்துக்கு மேலே ரோட்டோரம் நின்ற புகைப் பரிசோதனை வேன்காரர் சைலன்சருக்குள் குழாயை விட்டுப் பார்த்தார். மெஷினைத் தட்டிவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சான்றிதழைக் கொடுத்துவிட்டார்.

பெரியவர் அங்கிருந்து நேராக மகள் வீட்டுக்குத்தான் போனார்.

"அம்மணி, வந்து பாரு! புகையே இல்ல! சர்டிபிகேட்டே குடுத்துட்டாங்க!"

சுபத்ரா வாசலுக்கு வந்தாள். சான்றிதழைப் பார்த்தாள். மூட்டைகளைப் பார்த்தாள்.

"முந்தாநாள் கொண்டாந்த தக்காளியே அழுகிக்கிட்டு இருக்குதுப்பா."

"இது நாட்டுத் தக்காளி கண்ணு. ரசத்துக்குப் போடு." அதற்குள் அவர் ஒரு மூட்டையை இறக்கி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"இரு, சொரக்கா இருக்குது. பாப்பாவுக்குக் குதிரையும் வாங்கியாந்தேன்."

"அப்பா..."

"முருங்கக்காய வாட விட்டுராத. மாப்ளைக்குப் புடிக்கும்."

சுபத்ரா நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். கடைசி மூட்டையும் உள்ளே போகிறவரைக்கும் அப்படியே நின்றாள்.

"கொஞ்ச நாளைக்கு வராதீங்கப்பா" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பெரியவருக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். அவள் கெஞ்சுகிற மாதிரி சொன்னாள்.

கத்தரிக்காய்க் கூடை இறங்காமல் வண்டியிலேயே இருந்தது. பெரியவர் திரும்பி வந்தார். வழியெல்லாம் மழை.

குரு கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி சரியாயிருச்சு தம்பி. புகையும் இல்ல. அப்பவும் வராதீங்கறா." பெரியவர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார். "நான் இன்னும் என்னதாங்க அவளுக்குக் குடுக்கறது?"

"எனக்குக் கார்புரேட்டர் மட்டுந்தான் தெரியும் ஐயா."

"நீங்க ஏதாச்சும் சொல்லுங்க."

குரு சாவியைப் பையில் போட்டார். "கீழ் வளைவு வரைக்கும் என்னை எறக்கி விடுறீங்களா?"

"வாங்க, ஏறுங்க. பின்னால—"

குரு பின்னால் போகவில்லை. இடது பக்கக் கதவருகில் போய் நின்றார். மழை அவர் தலையில் கொட்டியது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"கூடை இருக்குதுங்க தம்பி."

குரு நின்றார்.

"நனையறீங்க."

குரு நின்றார்.

பெரியவருக்குக் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. இறங்கிச் சுற்றிவந்து கதவைத் திறந்தார். கூடையை இரண்டு கையாலும் தூக்கிக் கொட்டகைத் தாழ்வாரத்தில் வைத்தார். ஒரு கத்தரிக்காய்கூடக் கொட்டவில்லை.

"ஏறுங்க" என்றார்.

"மழை விட்ட மாதிரி இருக்கு. நான் நடந்தே போய்க்கிறேன்" என்றார் குரு. "கத்தரிக்காயைக் குழம்பு வச்சுக்கட்டுமா?"

மழை விடவில்லை. குரு நடந்து போய் வளைவில் மறைந்தார்.

பெரியவர் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தார். இடது பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தார். பார்த்தார். ரெக்ஸின் கிழிந்த இடத்தில் வெள்ளையம்மாள் சாக்கு ஊசியால் போட்ட தையல் அப்படியே இருந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்திருந்தது.

"வெள்ளையம்மா" என்றார்.

ஒரு வருஷமாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்த வளைவில் வண்டியை நிறுத்தி வைத்து அழுது தீர்த்தார்.

அதற்குப் பிறகு அவர் லாரிக்காரர்களைத் தேடிப் போகவில்லை. மகள் வீட்டுக்கும் போகவில்லை. சாயங்காலம் வந்தது, கூடவே பயமும் வந்தது. அறையிலேயே இருந்தார். தானே அடுப்பைப் பற்ற வைத்தார். குறைவாகத்தான் விறகு வைத்தார். பற்றிக்கொண்டது.

நாலைந்து சாயங்காலம் அப்படிப் போனது. பிறகு சுபத்ராவே போன் பண்ணினாள்.

"ஏம்ப்பா வரல? உடம்புக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல சாமி."

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சுரைக்காயைப் பற்றி ஆரம்பித்துவிடுவார். இந்தத் தடவை சும்மா இருந்தார்.

"வாங்கப்பா" என்றாள்.

அவர் போனார். காய் எதுவும் ஏற்றாமல் போனார். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வெறுங்கையோடு எப்படி உள்ளே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சுபத்ரா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கக் கதவைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

பிறகு ஏறி உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, ரெக்ஸின் தையலை விரலால் தடவினாள்.

பெரியவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்றைக்குக்கூட அவர் முன்னால் அழாத பெண் இப்போது அழுதாள்.

"அம்மா எடத்துல ஒருதடவை உக்காந்து பாக்கணும்னு இருந்துச்சுப்பா" என்றாள். "நீங்க எப்ப வந்தாலும் இதுல காயா இருந்துச்சு."