பனையேறிப் பழகின பந்து

இடைவேளை விட்டாச்சு. நாங்க ஒரு கோல் பின்னால. இன்னைக்குக் கப்பு வரலன்னா காலேஜ்ல ஃபுட்பால் டீமே இருக்காதுன்னு பிரின்சிபால் சொல்லிட்டார். எங்க கோச்சுக்குக் காய்ச்சல். அதனால, அந்தக் காலத்துல ஃபுட்பால், பாஸ்கெட்பால் ரெண்டுக்கும் கோச்சா இருந்த தங்கையன் சாரைக் கூட்டிட்டு வந்திருந்தோம். டிரஸ்ஸிங் ரூம்ல அவரைச் சுத்தி உக்காந்தோம்.

"பயப்படாதீங்கலே மக்கா! என் காலத்துல காலேஜுக்கே ஒரே பந்து. காலையில உதைப்போம், சாயங்காலம் கூடையில போடுவோம். கூடைன்னா கம்பி வளையமா? பனை உச்சியில கட்டின ஓலைக் கடவம்! விழுந்த பந்தைப் பனையேறிதான் ஏறி எடுத்துத் தரணும்."

"அடியில ஓட்டை போட்டிருக்கலாமே சார்?" கேட்டான் கேப்டன் ஜெபின்.

"இரவல் கடவம்லே! பனையேறி வீட்டுக்காரி சும்மா விடுவாளா? தினம் மேல போய்ப் போய்ப் பந்துக்கு அதே பழக்கமாப் போச்சு. ஃபுட்பால் மேட்ச்ல உதைச்சா, கோலுக்குப் போகாம பனையில சரசரன்னு ஏறிரும்! நான் விட்டேனா? கடவத்தை எதிராளி கோலுக்குள்ள கட்டினேன். அப்புறம் உதைக்கவே வேண்டாம், பந்து தானா ஓடும்."

"கோலி பிடிக்கலையா?" நானும் கோலி, கேக்காம இருக்க முடியல.

"பிடிச்சான். பந்து அவனையும் சேத்துல்லா கடவத்துக்குள்ள இழுத்துட்டு! பனையேறி வீட்டுக்காரி கடவத்தைக் கேட்டு வந்தப்பதான் அவன் வெளிய வந்தான்."

சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்குப் பயமெல்லாம் போயிட்டு. வெளிய எங்கேயோ விசில் கேட்டுது.

"ஆங்! இதே மாதிரிதான் அன்னைக்கும் ரெஃப்ரி ஊதினான். கார்னர் அடிச்சேன் பாரு, ஆரல்வாய்மொழிக் காத்து பந்தைத் தூக்கிட்டுப் போயிட்டு. அடுத்த வருஷம் ஃபைனல்ல திரும்பி வந்து கோல்ல விழுந்துது!"

"அந்த வருஷம் வேற பந்துல ஆடியிருப்பீங்களே?"

"அதுவும் கோல்தான்! ஒரே நேரத்துல ரெண்டு!"

மறுபடி விசில். "கேட்டியா, ரெண்டுக்கும் தனித்தனியா ஊதினான்."

நாங்க உருண்டு புரண்டு சிரிச்சிட்டிருக்கும்போது கதவு திறந்தது. கழட்டின கோல் வலையைத் தோள்ல போட்டுக்கிட்டு ரெஃப்ரி நின்னார்.

"எவ்வளவு நேரம்யா ஊதுறது? நீங்க வரல, கப்பை அவங்களுக்குக் கொடுத்தாச்சு. எந்திரிங்க, ரூமைப் பூட்டணும்."

ஜெபினுக்கு அழுகையே வந்துட்டு. "சார், நம்ம டீமே போச்சு சார்."

தங்கையன் சார் வேட்டியை உதறிக் கட்டிக்கிட்டு எந்திரிச்சார்.

"பாத்தீங்களாலே? நான் கோச்சா இருந்து ரெண்டாவது பாதியில ஒரு கோல் வாங்கினதா சரித்திரமே கிடையாது!"