முயல் பேச்சை விட்ட கதை

எல்லா உயிர்களுக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், முயலுக்கு நல்ல குரல் இருந்தது. ஒரு மேட்டில் நின்று கூப்பிட்டால் அடுத்த மேடு வரை கேட்கும்.

மலையடிவாரத்தில் ஒரு கொள்ளுக்காடு. நாச்சிமுத்துவும் அவர் மனைவி பூவாத்தாளும் காட்டுக்குள்ளேயே வீடு கட்டிக் குடியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் வேறு வீடு கிடையாது. ஒரு வருடத்துப் பெருமழையில் காட்டோர ஓடையின் கரை இடிந்து, அங்கிருந்த முயல் வளைகள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. மறுநாள் காட்டைப் பார்க்கப் போன பூவாத்தாள், ஒரே ஒரு குட்டி மட்டும் சேற்றில் நடுங்கிக்கொண்டு கிடப்பதைக் கண்டாள். முந்தானையில் சுற்றி எடுத்து வந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்த அந்தப் பெண்குட்டிக்குத் தும்பை என்று பெயர் வைத்தாள்.

வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் வேலி கட்டி, வைக்கோல் பரப்பி, தும்பைக்கென்று ஓர் இடம் ஒதுக்கினாள். கொள்ளுக்கொடியும் முருங்கைக்கீரையும் தின்று தும்பை வளர்ந்தது. பூவாத்தாள் கொள்ளு புடைக்கும்போது அது முறத்துக்கு எதிரே உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பேரும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார்கள். நாச்சிமுத்து அதிகம் பேசாத மனிதர். அதனால் பூவாத்தாளுக்கு அந்தப் பேச்சு பெரிய ஆறுதலாக இருந்தது.

ஆனால் பொழுது சாய்கிற நேரமானால் தும்பை வேலியோரக் கல்லில் ஏறி, ஓடைப் பக்கம் பார்த்து, யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிடும். பதில் வராது. இருட்டும் வரை காத்திருந்துவிட்டு இறங்கி வரும். முதலில் பூவாத்தாள் அதை விளையாட்டு என்றுதான் நினைத்தாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஆத்தா, உன்கிட்ட எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றது தும்பை. "வளைக்குள்ள எங்க அம்மாவை ஒட்டிப் படுத்திருந்தப்ப ஒரு சூடு இருந்துச்சு. அது எப்படி இருந்துச்சுன்னு இப்பல்லாம் மறந்து போகுது."

பூவாத்தாள் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். களி கிண்டுகிற வேலை இருக்கிறது என்று எழுந்து போனாள்.

அடுத்த நாளே துணை தேட ஆரம்பித்தாள். முதலில் ஒரு கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து விட்டாள். முயல் உற்சாகமாகக் கிளம்புகிற அந்தி நேரத்தில் குஞ்சு தூங்கிவிட்டது. பிறகு ஓர் ஆட்டுக்குட்டி வந்தது. நல்ல குட்டிதான். இரண்டும் சேர்ந்து துள்ளின. ஆனால் மேய்ச்சலுக்கு வந்த மந்தையின் மணிச்சத்தம் கேட்டதும் அது திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டது. அதற்கு அதன் கூட்டம் இருந்தது.

கழுதையில் உப்பு ஏற்றி வரும் வியாபாரி ஒருவர்தான் அந்தச் செய்தியைச் சொன்னார். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தினைக்காட்டில், சாம்பல் நிற ஆண் முயல் ஒன்றை வளர்க்கிறார்கள். அதுவும் தனிதான். சில நாள் தீனியைத் தொடாமல் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்குமாம். நாச்சிமுத்து அன்றே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்றாம் நாள் காலையில் கூடைக்குள் சாம்பன் என்ற அந்த முயலோடு திரும்பி வந்தார்.

தும்பை விடியும் முன்பே எழுந்து, வைக்கோலை ஒதுக்கி, பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் செய்து வைத்திருந்தது. பூவாத்தாள் கூடையை நேரே வேலிக்குள் கொண்டுபோய்த் திறந்தாள். சாம்பன் இறங்கி அந்த வைக்கோலில் கால் வைத்தது. வேறொரு வாடை தன் இடத்தில் ஏறியதும் தும்பைக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. பாய்ந்து சாம்பனின் காதைக் கடித்தது. "இது என் இடம். போ" என்று தன் குரல் முழுவதையும் திறந்து கத்தியது.

காதில் ரத்தத்தோடு சாம்பன் வேலியைத் தாண்டி மலையைப் பார்த்து ஓடியது.

தும்பை கலைந்துகிடந்த வைக்கோலைப் பார்த்தது. "நானா ஆத்தா அப்படிச் சொன்னேன்?" என்று கேட்டது.

"தப்பு என் மேலதான் கண்ணு. உன் இடத்துல கொண்டாந்து விட்டது நான்தானே" என்றாள் பூவாத்தாள். தேடிப் போக வேண்டும் என்று தும்பை சொன்னபோது, போகாதே என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. ஆனாலும் வேலிப் படலை விலக்கிவிட்டாள்.

மலையில் தும்பை மூன்று நாள் அலைந்தது. தெரியாமல் சொல்லிவிட்டேன், வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே போனது. அது கூப்பிடக் கூப்பிட சாம்பன் இன்னும் மேலே ஓடியது. புல்லுக்குள் குடியிருந்த ஒரு காடை இதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: "நீ என்ன சொல்றேன்னு அவன் காதுல விழறதே இல்ல. குரல் மட்டும்தான் விழுது. அது கேட்டாலே அவனுக்குக் கடிபட்ட இடம் வலிக்குது."

அன்று மேற்கே பிறை தெரிந்த நாள். தும்பை அதோடு கூப்பிடுவதை நிறுத்தியது. அந்தக் காலத்தில் பேச்சுக்கு ஒரு விதி இருந்தது. ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறை வரை வாய் திறக்காதவரை விட்டு அது போய்விடும். அவருக்கு மட்டுமல்ல, அவர் வம்சத்துக்கே திரும்பி வராது. காடை அதையும் நினைவுபடுத்தியது. தும்பை தலையசைத்தது. பாறைகளுக்கு நடுவே, தன் வாடையும் சாம்பனின் வாடையும் இல்லாத ஒரு புல்தரையில் போய் உட்கார்ந்தது.

முதல் சில நாள் எதுவும் நடக்கவில்லை. பிறகு தூரத்துப் புதரில் சாம்பல் நிறம் தெரிந்தது. தினமும் கொஞ்சம் நெருங்கியது. ஒவ்வொரு முறையும் தும்பைக்குத் தொண்டை வரை வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டது. மறுபிறை தெரிய வேண்டிய மாலையில் சாம்பன் ஐந்தடி தூரத்தில் நின்றது. ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், குரல் தங்கியிருக்கும். தும்பை பேசவில்லை. தலையைத் தாழ்த்தி மண்ணோடு வைத்துக்கொண்டது.

மேற்கே பிறை தெரிந்தது. சாம்பன் மெல்ல வந்து, தும்பையின் நெற்றியை முகர்ந்தது. பிறகு நக்கிக்கொடுத்தது. அப்படியே அதன் விலாவை ஒட்டிப் படுத்துக்கொண்டது. மறந்துபோன அந்தச் சூடு திரும்பி வந்ததும் தும்பை கண்களை மூடிக்கொண்டது.

ஒரு காலையில் இரண்டும் கொள்ளுக்காட்டுக்கு வந்தன. பூவாத்தாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து, இத்தனை நாள் எங்கே போனாய், என்ன தின்றாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தும்பை வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றது. மூக்கு மட்டும் விடாமல் துடித்தது. பூவாத்தாள் சாம்பனைப் பார்த்தாள். அதன் காதில் காய்ந்திருந்த தழும்பைப் பார்த்தாள். பேச்சைக் கொடுத்துத்தான் தும்பை துணையைச் சேர்த்திருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. தும்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"போகட்டும் கண்ணு. நான் பேசறேன், நீ கேளு" என்றாள்.

பொழுது சாய்ந்தது. முருங்கை மரத்தடியில் இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிப் படுத்திருந்தன. பூவாத்தாள் பார்த்துக்கொண்டே நின்றாள். மனம் நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு குரலுக்காக அவள் காது காத்திருந்தது.

அந்த நாளிலிருந்துதான், துணைக்கென்று ஒரு முயலைக் கொண்டுவருகிறவர்கள், இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில் அவற்றை முதலில் சந்திக்க விடுகிறார்கள். தும்பையின் வம்சத்தில் வந்த முயலும் தன் ஆசையைச் சொல்ல வாயில்லாமல், மூக்கைத் துடிக்கவிட்டுத் தலையைத் தாழ்த்திக் காத்திருக்கிறது.