விளக்கு எரியலைன்னா நல்லது

"ஒரு வருஷமா உங்ககிட்ட வேலை படிக்கேன். நான் தேறுவேனா மாட்டேனா, அதை மட்டும் சொல்லிருங்க அண்ணாச்சி."

இசக்கிராணி இப்படிக் கேட்டாள். மரியசூசை விமானத்தின் வயிற்றுப் பக்கம் திறந்து கிடந்த மூடிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

குரு என்றதும் தாடியும் காவியும் தேடாதீர்கள். இவருக்கு மீசையே ஒழுங்காக முளைக்கவில்லை. கறை பிடித்த நீலச் சட்டை, கையில் ஒரு டார்ச். அந்த விமானத்துக்குள் ஓடுகிற மின்சாரம் முழுக்க அவர் பொறுப்பு.

சிஷ்யையும் சின்னப் பெண் இல்லை. அவரைவிட ஒரு வயசு கூடவே இருக்கும். பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவள். விமானத்துக்கு ஒயர் பூட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, பரீட்சை எழுதி, பிடிவாதமாக வந்து சேர்ந்தவள்.

வேலையில் குறை இருந்தால் மரியசூசை வாயைத் திறப்பார். இந்த ஒயர் உரசுது, அந்த ஸ்க்ரூவைத் திரும்ப முறுக்கு என்பார். குறை இல்லையென்றால் ஒரு வார்த்தை வராது. அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

வீட்டிலும் இதே கதைதான் என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். குழம்பில் உப்பு குறைந்தால் பேச்சு வரும். சரியாக இருந்தால் தட்டு காலியாகும், மனுஷன் எழுந்து போய்விடுவார்.

கொஞ்ச நாளாக அவர் இசக்கிராணியிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். அதுதான் அவளுக்குப் பயம். இது தேறாத கேஸ் என்று விட்டுவிட்டாரோ?

ஊரில் லிப்ட் போடுகிற கம்பெனி ஒன்று அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. அந்த மேனேஜர் வார்த்தைக்கு வார்த்தை 'சூப்பர்' போட்டுப் பேசினார். சாயங்காலத்துக்குள் அவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். விமானத்தை விட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. லாயக்கில்லாதவளாக இங்கே ஒட்டிக்கொண்டிருக்கவும் மனசில்லை.

அதையும் அவரிடம் சொல்லிவிட்டாள்.

மரியசூசை தலையை வெளியே எடுத்தார். மூடியைப் பூட்டினார்.

"மேல ஏறு," என்றார்.

காலையில் அவள் ஒரு ஜெனரேட்டரை மாற்றியிருந்தாள். என்ஜினை ஓட்டிப் பார்த்தால்தான் அது மின்சாரம் கொடுக்கிறதா என்று தெரியும். விமானம் வெளித்தளத்தில் தயாராக நின்றது. பைலட் சீட்டில் அவர் உட்கார்ந்தார், பக்கத்துச் சீட்டில் அவள்.

தலைக்கு மேல் இருந்த பலகையில் மஞ்சள் விளக்குகளாக எரிந்தன. இது ஓடலை, அது வரலை என்று ஒவ்வொரு விளக்கும் ஒரு புகார்.

என்ஜின்கள் உறுமின. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவள் மாட்டிய ஜெனரேட்டரின் விளக்கு மட்டும் நின்று எரிந்தது.

மரியசூசை அந்த ஜெனரேட்டரை லைனில் சேர்க்கிற சுவிட்சைத் தட்டினார். அதுவும் அணைந்தது.

பலகை மொத்தமும் இருட்டு. அவர் அதை விரலால் காட்டினார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலை. எல்லாம் அணைஞ்சு கெடக்கு."

"அப்படின்னா?"

"கோளாறு ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

அவர் தலையை ஆட்டினார். கையைக் கட்டிக்கொண்டு சீட்டில் சாய்ந்தார்.

அவளுக்குப் புரிந்தது. இத்தனை நாள் அவர் பேசாமல் இருந்ததற்கும் இதுதான் அர்த்தம். தன் மௌனத்துக்கு இப்படி ஒரு விளக்கம் கொடுத்துவிட்டதில் அவருக்கு ஒரே பெருமை. சிஷ்யை வேறு யாராவதாக இருந்திருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பாள், கதையும் இங்கேயே முடிந்திருக்கும்.

இசக்கிராணி கையை நீட்டி டெஸ்ட் சுவிட்சைப் போட்டாள்.

சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம். அங்கே இருந்த அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தது. கோயில் கொடை விழாவுக்கு சீரியல் பல்பு போட்ட மாதிரி இருந்தது. கையை எடுத்தாள். மறுபடி இருட்டு.

"இதை எதுக்கு அண்ணாச்சி தெனமும் போட்டுப் பார்க்கோம்?"

"பல்பு நல்லா இருக்கான்னு பார்க்கத்தான். பல்பு போயிருந்தாலும் இருட்டாத்தான..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

"உங்களுக்குத்தான் டெஸ்ட் சுவிட்சே இல்லையே," என்றாள் அவள்.

மரியசூசை அவளைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார்.

கீழே தரையில் ஹெட்செட் மாட்டி அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்த ஆள் மிரண்டுபோய், மேலே ஏதாவது கோளாறா என்று கேட்டார். கோளாறுதான், ரொம்ப நாள் கோளாறு, இப்பதான் கண்டுபிடிச்சோம் என்றார் மரியசூசை.

என்ஜின்களை அணைத்தார். சத்தம் அடங்கியது. தொண்டையைச் செருமினார். முதல் தடவை மேடை ஏறியவர் மாதிரி வேர்த்தது அவருக்கு.

"எம்மா, முந்தாநாள் வால் பக்கம் ஒரு ஒயர்க் கத்தையைக் கட்டி வச்சிருந்தியே. உரசுதான்னு பார்க்க டார்ச் அடிச்சேன். உரசலை. பார்த்து முடிச்ச பெறகும் அங்கயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அழகா இருந்துச்சு."

இசக்கிராணிக்கு முகமெல்லாம் சிரிப்பு.

இறங்கி வந்ததும் லிப்ட் கம்பெனி மேனேஜருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னாள். அவர் விடாமல் காரணம் கேட்டார். இங்கே வேலை கிடக்கு என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த மரியசூசை, தன் போனையும் எடுத்தார். கொஞ்சம் யோசித்தார். மனைவி நம்பரைப் போட்டு, இசக்கிராணிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரெஜினா, நேத்து நீ வச்ச சாளைமீன் குழம்பு ரொம்ப நல்லா இருந்துச்சு."



"யாருங்க பேசுதது? எங்க வீட்டுக்காரவுக போன் உங்க கையில எப்படி வந்துது?"